'ஓடவில்லை' என்னும் சொல்லும் ஒரு சுற்றோட்டப் பம்பும்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் நாம் வீட்டைக் குளிர்விக்கவே பணம் செலவிடுகிறோம். வீட்டைச் சூடாக்கும் ஏற்பாட்டை நம் மாணவர்களுள் பலர் கண்ணாலும் கண்டிருக்கமாட்டார்கள். எனினும் படிப்பின் பொருட்டும் பணியின் பொருட்டும் பிரிட்டன் செல்லும் நம் பிள்ளைகள் முதற் குளிர்காலத்திலேயே அதனோடு பழகவேண்டியவர்களாகின்றனர்.

என் மகள் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் குடியிருக்கிறாள். சில ஆண்டுகளுக்கு முன், டிசம்பர் மாத இரவொன்றில் தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா, ஹீட்டிங் பம்பு ஓடலப்பா. வீடெல்லாம் ஜில்லுன்னு இருக்கு. பாப்பாவை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னே தெரியல" என்றாள். பேரக்குழந்தைக்கு அப்போது நான்கு மாதம். மறுநாள் வந்த பழுதுபார்ப்பவரிடமும் பம்பு வேலை செய்யவில்லை என்றே ஆங்கிலத்தில் கூறியிருக்கிறாள். அவரும் அதனையே முடிவாகக் கொண்டு, பழைய பம்பைக் கழற்றிப் புதியதைப் பொருத்தி, விலையும் கூலியும் பெற்றுச் சென்றார். வீடு மட்டும் சூடாகவில்லை.

பிழை எங்கே நேர்ந்தது? 'ஓடவில்லை' என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு பழுதுகள் மறைந்திருந்தன. அவற்றைப் பிரித்தறியாமலேயே தீர்வு தேடப்பட்டது. அந்த மூன்றையும் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீர் ஏறுவதில்லை, சுற்றுகிறது

பிரிட்டனின் வீடுகளில் பெரும்பாலானவை வெந்நீரால் சூடாக்கப்படுகின்றன. ஒரு கொதிகலன் நீரைச் சூடாக்குகிறது. அந்நீர் குழாய்வழியே ஒவ்வோர் அறையிலும் சுவரோரம் நிற்கும் ரேடியேட்டர் என்னும் எஃகுத் தகட்டுக் கலத்திற்குச் சென்று, வெப்பத்தை அறைக்கு ஈந்து, ஆறிய நிலையில் கொதிகலனுக்கே மீள்கிறது. கொதிகலன் என்று நாம் பெயரிட்டிருந்தாலும் அதனுள் நீர் கொதிப்பதில்லை. பொதுவாக 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரையே சூடேறுகிறது. இந்தச் சுற்றை நடத்திவைப்பதே சுற்றோட்டப் பம்பின் பணி.

பம்பு என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது மாடித் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார். எக்கி என்னும் தமிழ்ச்சொல்லும் உந்தி எழும் நீரையே நினைவூட்டுகிறது. சுற்றோட்டப் பம்பு அப்படிப்பட்டதன்று. மூடிய வளையத்தில் ஒருபுறம் மேலேறும் நீரின் எடையை மறுபுறம் கீழிறங்கும் நீரின் எடை ஈடுசெய்துவிடுகிறது. ராட்டினத்தில் ஏறும் தொட்டிலையும் இறங்கும் தொட்டிலையும் போல இவை ஒன்றையொன்று சமன் செய்கின்றன. குழாய்ச் சுவரும் வளைவுகளும் தரும் உராய்வை வெல்வது மட்டுமே பம்பின் வேலை. ஆகவேதான் ஒரு முழு வீட்டுக்கும் 100 வாட்டுக்குக் குறைந்த சிறு மோட்டாரே போதுமாகிறது.

பம்பே இல்லாத காலமும் இருந்தது. 80 டிகிரியில் 1000 லிட்டர் நீரின் எடை ஏறத்தாழ 972 கிலோகிராம். 60 டிகிரியில் 983 கிலோகிராம். சூடான நீர் இலேசாகி மேலெழ, ஆறிய நீர் கனத்துக் கீழிறங்க, அந்த 11 கிலோகிராம் வேறுபாட்டாலேயே சுற்று நடந்தது. ஐந்து மீட்டர் உயரமுள்ள வளையத்தில் இவ்வேறுபாடு தரும் விசை, ஐந்தாறு சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தத்திற்கே ஈடாகும். அவ்வளவு மெல்லிய விசைக்குத் தடித்த குழாய்கள் தேவைப்பட்டன. 1920களின் இறுதியில் ஜெர்மனியில் இதற்கென ஒரு பம்பு உருவானபோது, 'சுற்றோட்ட முடுக்கி' என்று பொருள்படும் 'உம்லௌஃப்பெஷ்லாய்னிகர்' என்னும் பெயரை அதற்கு இட்டனர். நீர் முன்பே சுற்றிக்கொண்டிருந்தது, கருவி அதை முடுக்கியது என்னும் வரலாறு அப்பெயருக்குள்ளேயே இருக்கிறது. இன்றைய பிரிட்டிஷ் வீடுகளில் 15, 22 மில்லிமீட்டர் செப்புக் குழாய்களே பெரிதும் காணப்படுகின்றன. அவற்றில் பம்பின்றிப் போதிய அளவு நீர் சுற்றாது. பம்பு நின்றால் கொதிகலன் அருகே மட்டும் வெப்பம் தேங்கும். கொதிகலன் விரைவில் மிகச் சூடாகித் தானே அணைந்துவிடும். அறைகள் குளிர்ந்தே கிடக்கும்.

தன்வினையும் பிறவினையும்

இனி, மொழிக்கு வருவோம். மின்சாரம் சுழலியைச் சுழற்றுகிறது. சுழலி நீரை ஓட்டுகிறது. நீர் வெப்பத்தைச் சுமந்து செல்கிறது. இவ்வாறு பிறவினையில் சொல்லும்போது, எது எதனைச் செய்விக்கிறது என்பது வாக்கியத்திலேயே வெளிப்படுகிறது. 'ஓடவில்லை' என்று தன்வினையில் சொன்ன உடனே ஓட்டுவது எது என்ற செய்தி மறைந்துவிடுகிறது. மேலும், தமிழில் மோட்டாரும் ஓடுகிறது, நீரும் ஓடுகிறது. இரண்டுக்கும் வினை ஒன்றே. ஆங்கிலத்தில் 'வேலை செய்யவில்லை' என்னும் பொருளில் சொல்லப்படும் தொடரும் இதே அளவுக்குத் தெளிவற்றது. ஆகவே இது தமிழின் குறையன்று. பேசுவோர் அவசரத்தில் விட்டுவிடும் வினாக்களின் குறை. அவ்வினாக்கள் மூன்று.

முதல் வினா: மின்சாரம் வருகிறதா? பம்பு அசைவற்று, ஒலியற்று, குளிர்ந்து கிடந்தால் இவ்வினாவிலிருந்தே தொடங்கவேண்டும். அறையின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் தெர்மோஸ்டாட் வெப்பம் வேண்டுமென்று கேட்கிறதா, நேரங்காட்டிச் சுவிட்ச் இயங்கும் நேரத்தில் உள்ளதா, ஃபியூஸ் நலமாக உள்ளதா என்று பார்க்கவேண்டும். பல வீடுகளில் மோட்டார் பொருத்திய வால்வு ஒன்று முழுவதும் திறந்து, அதனுள் இருக்கும் சிறு சுவிட்ச் இணைந்த பிறகே கொதிகலனுக்கும் பம்புக்கும் மின்சாரம் செல்லும். அந்தச் சுவிட்ச் பழுதானால், முற்றிலும் நல்ல பம்பும் செத்ததுபோல் தோன்றும்.

இரண்டாம் வினா: சுழலி சுழல்கிறதா? இதற்கு விடைகாணப் பம்பின் உள்ளமைப்பைச் சற்று அறியவேண்டும். வீடுகளில் பயன்படும் வகையில் சுழலி நீருக்குள்ளேயே மூழ்கியிருக்கும். அதனைச் சூழ்ந்த நீரே தாங்கிகளுக்கு எண்ணெய்போல் உதவுகிறது, சூட்டையும் தணிக்கிறது. சத்தமின்றிப் பல ஆண்டுகள் உழைப்பதற்கு இவ்வமைப்பே காரணம். இதனால் வரும் தீங்கும் உண்டு. எஃகு ரேடியேட்டர்களின் உட்புறம் அரித்து உண்டாகும் மாக்னடைட் என்னும் கருநிறக் கசடு சுழலியின் இடுக்குகளில் படியும். கோடை மாதங்களில் பம்பு ஓய்ந்திருக்கும்போது அது இறுகிவிடும். குளிர் தொடங்கும் முதல் நாளில் மின்சாரம் வந்தும் சுழலி அசையாது. இந்நிலையில் பம்பு முனகும். அதன் உடல் மிகச் சூடாகும். பழைய வகைப் பம்புகளின் முகப்பில் நடுவே ஒரு திருகு இருக்கும். மின்சாரத்தை நிறுத்தி, சூடு ஆறியபின் அத்திருகை நீக்கி, தட்டைத் திருப்புளியால் உள்ளிருக்கும் தண்டை மெல்லத் திருப்பினால் இறுக்கம் விடுபடுவதுண்டு. தண்டு எளிதாகத் திரும்பியும் பம்பு தானே புறப்படவில்லையெனில், தொடக்க விசைக்கு உதவும் கப்பாசிட்டர் தளர்ந்திருக்கக்கூடும். மின்சாரம் வந்தும் முனகலும் சூடும் இல்லையெனில் மோட்டாரின் கம்பிச்சுருள் அற்றிருக்க வாய்ப்புண்டு. அப்போதுதான் பம்பை மாற்றுவது முறை.

மூன்றாம் வினா: நீர் பாய்கிறதா? சுழலி நன்றாகச் சுழன்றும் நீர் நகராதிருக்கலாம். குழாயில் காற்று அடைத்திருத்தல், வால்வு மூடியிருத்தல், வழியில் கசடு திரண்டிருத்தல், நீரைத் தள்ளும் சிறு சக்கரம் தேய்ந்தோ தண்டிலிருந்து கழன்றோ போதல் ஆகியவை இதன் காரணங்கள். இவற்றுள் கடைசி ஒன்று மட்டுமே பம்பின் பழுது.

கேட்டலும் தொடுதலும்

இம்மூன்று வினாக்களுக்கும் விடை தருவதில் காது பெருந்துணை செய்கிறது. நீண்ட திருப்புளியின் நுனியைப் பம்பின் உடல்மேல் வைத்து, கைப்பிடியைக் காதருகே வைத்துக் கேட்பது பழுதுபார்ப்போரின் பழைய வழக்கம். இங்கே தமிழ் மாணவருக்கு ஒரு தனி வசதி உண்டு. நம் இலக்கணம் இரட்டைக்கிளவி என்று வகுத்துள்ள சொற்கள் ஒலியை நுட்பமாக வேறுபடுத்துபவை. குழாயில் சலசலவென்று கேட்டால் நீரோடு காற்று கலந்துள்ளது. பம்பில் கடகடவென்று கேட்டால் தாங்கி தேய்ந்திருக்கலாம், காற்றும் காரணமாகலாம். ஏற்ற இறக்கமின்றி ஒரே சீராக முனகினால் சுழலி சிக்கியிருக்கலாம். வகுப்பில் பொருளறியாமல் பட்டியலாக ஒப்பிக்கப்படும் இச்சொற்கள், தொலைவிலிருக்கும் பழுதுபார்ப்பவருக்குத் தொலைபேசிவழியே மெய்யான குறிப்புகளைத் தரவல்லவை.

தொடுதலும் அவ்வாறே. கொதிகலனிலிருந்து புறப்படும் குழாயைப் புறங்கையால் ஒரு நொடி மட்டும் தொட்டுக்கொண்டே சென்றால், வெப்பம் எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பது புலப்படும். ஆயினும் 80 டிகிரி நீர் கையைப் புண்ணாக்கும் என்பதை மறக்கலாகாது.

லீட்ஸில் நடந்தது

மகள் வீட்டிற்கு இரண்டாவதாக வந்தவர் முதியவர். கருவிப் பெட்டியைத் திறக்கும் முன்பே வினவத் தொடங்கினாராம். பழைய பம்பு சூடாக இருந்ததா? அதிர்ந்ததா? கோடையில் இவ்வீட்டில் யாரேனும் குழாய் வேலை செய்தார்களா? மகள் எண்ணிப்பார்த்தாள். பழைய பம்பு அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆகஸ்டில் ஒரு ரேடியேட்டரை மாற்ற வந்தவர்கள் பம்பின் இருபுறமும் உள்ள வால்வுகளை மூடிப் பின்னர் திறந்திருந்தனர்.

முதியவர் குழாயைத் தொட்டுப் பார்த்தார். பம்பு வரை சூடு. பம்பை அடுத்த வால்வைத் தாண்டியதும் குளிர். வால்வின் கைப்பிடி தடையின்றித் திரும்பியது. ஆனால் உள்ளே மேலும் கீழும் நகர்ந்து வழியைத் திறக்கவேண்டிய தகடு, தண்டிலிருந்து கழன்று கீழே விழுந்து வழியை அடைத்துக்கொண்டிருந்தது. கைப்பிடி திறந்தது, வால்வு திறக்கவில்லை. மகள் எறியாமல் வைத்திருந்த பழைய பம்பை ஓரிரு நொடி மின்சாரத்தில் இணைத்துக் காட்டினார். அது சுழன்றது. நீரின்றி நெடுநேரம் ஓட்டினால் தாங்கிகள் கெடும் என்பதால் உடனே நிறுத்திவிட்டார். புதிய வால்வு பொருத்தப்பட்ட அன்று மாலையே வீடு சூடாயிற்று. குழந்தையோடு ஓர் அறைக்குள் மின்கணப்பின் முன் ஒடுங்கிக் கிடந்த மூன்று நாட்கள் அத்துடன் முடிந்தன.

எல்லையும் பயிற்சியும்

பார்த்தல், கேட்டல், தொடுதல், காலவரிசைப்படி நினைவுகூர்தல் ஆகியவை குடியிருப்போர் அனைவரும் செய்யக்கூடியவை. மின்னிணைப்பைத் திறந்து அளப்பது தகுதி பெற்றவரின் வேலை. எரிவாயுக் கொதிகலனைப் பழுதுபார்க்கப் பிரிட்டனில் கேஸ் சேஃப் பதிவேட்டில் இடம்பெற்றவரே வரவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் நடைமுறைக்கு வந்த மின்சிக்கன விதிகளால் மின்னணுப் பம்புகள் பெருகியுள்ளன. அவற்றுள் பலவற்றில் முன்சொன்ன நடுத்திருகு இல்லை. விளக்கு ஒன்றே பழுதைக் காட்டும். கருவி மாறினாலும் அந்த மூன்று வினாக்கள் மாறுவதில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தன்வினை, பிறவினை பாடம் நடத்தும் நாளில், வீட்டில் பழுதான ஒரு கருவியைப் பற்றி எழுதுமாறு மாணவர்களிடம் கூறுங்கள். மின்விசிறியாயினும் சலவை இயந்திரமாயினும் சரி. முதலில் 'ஓடவில்லை' என்று தன்வினையில் எழுதட்டும். அடுத்து, எது எதனை ஓட்டவில்லை என்று பிறவினையில் பிரித்து எழுதட்டும். எந்த இடத்தில் எழுவாய் கிடைக்காமல் திணறுகிறார்களோ, அந்த இடமே அவர்கள் சென்று பார்க்கவேண்டிய இடம்.