எடை குறைந்த பிறகு தொங்கும் தோல்

முப்பது, நாற்பது கிலோ குறைப்பது சாதாரண காரியம் இல்லை. சர்க்கரை அளவு இறங்கியிருக்கும், முழங்கால் வலி விட்டிருக்கும். ஆனால் அடிவயிற்றிலும் மேல்கையிலும் தொடையிலும் தோல் மடிந்து தொங்கும். “நல்லாத்தானே இருந்தே, ஏன் இப்படி வத்திப் போயிட்டே?” என்று ஊரில் கேட்பார்கள். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

தோலை இழுத்துப் பிடித்திருப்பவை கொலாஜன், எலாஸ்டின் என்னும் புரத நார்கள். பல வருடம் விரிந்தே கிடந்தால் அவை நைந்துவிடும். எலாஸ்டினை உடம்பு பெரும்பாலும் சிறுவயதிலேயே உண்டாக்கி முடித்துவிடுகிறது. அதனால்தான் இளவயதில் கொஞ்சம் எடை குறைத்தவருக்குத் தோல் ஓரளவு சுருங்கிக்கொள்கிறது. ஐம்பது வயதில் நிறையக் குறைத்தவருக்கு அப்படி நடப்பதில்லை. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்னும் மோசம்.

மடிப்பைக் கிள்ளிப் பாருங்கள். துணி மாதிரி மெல்லிசாக வந்தால் அது வெறும் தோல். தடிப்பாக வந்தால் உள்ளே இன்னும் கொழுப்பு இருக்கிறது. எடை குறையும்போது அதுவும் குறையும். தோலை இறுக்கும் என்று விற்கும் கிரீம்களுக்குக் காசு செலவழிக்காதீர்கள். கொலாஜனைப் பூசினால் அது தோலுக்குள் இறங்காது. தசை கூடினால் தொய்வு கொஞ்சம் நிரம்பும். அதற்கு எடை தூக்கும் பயிற்சியும் புரதமும் வேண்டும். நம் தர்மபுரிப் பக்கத்துக் களி நல்ல சாப்பாடுதான். ஆனால் 100 கிராம் கேழ்வரகில் புரதம் சுமார் 7 கிராம், கொள்ளில் சுமார் 22 கிராம். களிக்குக் கீரையோடு கொள்ளுக் கடைசலோ முட்டையோ சேருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சேர்க்க வேண்டும்.

உண்மையான தொந்தரவு மடிப்புக்குள்தான். சித்திரை வெயிலில் வியர்வை அங்கேயே தங்கும், தோலும் தோலும் உரசும், சிவக்கும், பிறகு பூஞ்சை பிடித்து நாறும். குளித்ததும் மடிப்பைத் தூக்கிப் பிடித்து, பழைய வேட்டித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். காற்றாடிக்கு முன் நின்று முழுசாக உலரவிட்டு, மடிப்புக்குள் ஒரு பருத்தித் துணிப்பட்டையை வையுங்கள், நனைந்தால் மாற்றுங்கள்.

அரிப்பு வந்ததும் மருந்துக்கடையில் கேட்டு ஏதோ ஒரு களிம்பு வாங்கிப் போடும் பழக்கம்தான் எனக்குப் பெரிய கவலை. அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், அடியில் பூஞ்சை பரவும், ஏற்கெனவே நைந்த தோல் இன்னும் மெலியும். இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசே விதி கொண்டுவந்தது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டுங்கள். கூச்சப்பட்டு மறைக்காமல் மடிப்பைத் தூக்கியே காட்டுங்கள்.

அங்கே தரும் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்கு மருத்துவக் காப்பீடு பணம் தராது. ஆனால் உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க அது தேவை என்று சிகிச்சை தரும் டாக்டர் சான்று கொடுத்தால் பரிசீலிக்க இடம் உண்டு என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது விதியிலேயே இருக்கிறது. திரும்பத் திரும்பப் புண் வந்ததற்கான தேதி போட்ட சீட்டுகளும் போட்டோக்களும் அங்கேதான் உதவும்.

தொங்கும் தோலை முழுசாக எடுக்க ஆபரேஷன்தான் வழி. அதற்கு முன் எடை ஆறு மாதமாவது அப்படியே நிற்க வேண்டும். இரைப்பை ஆபரேஷன் செய்தவர்கள் ஒன்று, ஒன்றரை வருடம் பொறுக்க வேண்டும். ரத்தசோகையைச் சரிசெய்து, புகையை ஒரு மாதத்துக்கு முன்பாவது விட்டிருக்க வேண்டும். இன்னும் பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் வயிற்று ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது நல்லது. செய்பவர் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. முடித்த பிளாஸ்டிக் சர்ஜனா என்று கேளுங்கள். இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை தழும்பு நிற்கும். நீர் கோத்துக்கொள்வது, தையல் பிரிவது, காலில் ரத்தம் உறைவது எல்லாம் வரக்கூடியவையே.

பிறகு ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடமோ புல்லுக்கட்டோ தூக்கக் கூடாது, இறுக்கமான பெல்ட்டும் போட்டிருக்க வேண்டும். கோடையில் அது பெரிய அவஸ்தை. நாள் குறிக்கும் வசதி உங்கள் கையில் இருந்தால் கார்த்திகை, மார்கழியாகப் பார்த்துக் குறியுங்கள். வீட்டு வேலைக்கும் மாட்டுக்கும் ஆள் இருக்கிறதா என்பதை அதற்கு முன்பே பேசி வையுங்கள்.