மறைத்த பெயரும் நிலைத்த நூலும்

மர்ம நாவலென்றாற் கொலையும் துப்புத் துலக்கலுமே என்று கருதுவார் பலர். அடுத்து யாது நிகழுமோ என்னும் ஏக்கம் காதற் கதையிலும் அமையலாம் என்பதற்குப் பற்றீசியா ஹைஸ்மித் அம்மையாரின் எழுத்துச் சான்று பகரும்.

அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் 1921இற் பிறந்த இவர், 1950இல் வெளியான தமது முதல் நாவலாலேயே புகழெய்தினார். புகைவண்டியிற் சந்தித்த அந்நியர் இருவரைப் பிணைத்த கொலைத் திட்டத்தைக் கூறும் அந்நாவலை ஹிட்ச்கொக் மறுவருடமே திரைப்படமாக்கினார்.

இரண்டாவது நாவலின் கரு, 1948ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில், நியூயோர்க் நகரப் பெருங்கடையொன்றின் விளையாட்டுப் பொருட் பகுதியில் இவர் பணியாற்றியபோது உதித்தது. பொம்மை வாங்க வந்த மாதொருவரைக் கண்ட அன்றிரவே, பெண்களைக் காதலித்த இவர், கதைச் சுருக்கத்தை எழுதி முடித்தார். கடைப்பெண் தெரீசும், கணவனைப் பிரிந்து மணவிலக்கை நாடும் கரோலும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். கணவன் அமர்த்திய துப்பறிவாளனோ அவர்களைப் பின்தொடர்ந்து உரையாடலை இரகசியமாகப் பதிவுசெய்கின்றான். தாய் தன் மகளை இழந்துவிடுவாளோ என்பதே கதையின் ஏக்கம். ஈண்டுக் கொலையாளி எவருமிலர். அச்சத்தை விளைப்பன சட்டமும் சமூகமுமேயாம்.

முதல் நாவலை வெளியிட்ட பதிப்பகம் இதனை ஏற்கவில்லை. 1952இல் வேறொரு பதிப்பகம், கிளேர் மோர்கன் என்னும் புனைபெயரில், 'உப்பின் விலை' எனப் பொருள்படும் தலைப்புடன் வெளியிட்டது. கொலைக் கதைக்குத் தம் பெயரை இட்ட ஒருவர், காதற் கதைக்கு அதனை மறைக்க நேர்ந்தமை சிந்திக்கற்பாலது.

அக்காலத்தில் இத்தகைய காதலைக் கூறிய கதைகள் பெரும்பாலும் சாவிலோ பிரிவிலோ முடிந்தன. இந்நூலிலோ இருவரும் மீண்டும் இணைகின்றனர். மலிவுப் பதிப்பு ஏறத்தாழப் பத்து இலட்சம் பிரதிகள் விற்பனையானதாக ஆசிரியரே பின்னர் எழுதினார். புனைபெயருக்கு முகவரியிட்டு வாசகரின் நன்றிக் கடிதங்கள் வந்து குவிந்தன. 38 ஆண்டுகள் கழித்து, 1990இல், 'கரோல்' என்னும் தலைப்பில் அந்நூல் அவர்தம் பெயருடனேயே வெளிவந்தது. 1995இல் அவர் சுவிற்சலாந்திற் காலமானார்.

அதே 1995இலேதான் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு திருத்தப்பட்டது. அதுவரை ஆண்களையே குறித்த அச்சட்டம் அத்திருத்தத்தாற் பெண்களுக்கும் உரியதாயிற்று. அதனை நீக்கும் சட்டவரைவு அரசியலமைப்புக்கு முரணானதன்று என நம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது 2023இலேயாம். ஆதலின், கரோலின் கதை அயல்நாட்டுக் கதையேயாயினும் நமக்குச் சேய்மையிலுள்ளதன்று.