திருப்பதி சுற்றுலா: கட்டணத்தைவிட முக்கியம் முன்பணம்

புது தில்லி: திருமலை தரிசனத்துடன் சேர்த்து விற்கப்படும் சுற்றுலாத் திட்டங்களில் எது மலிவு என்றே பலரும் பார்க்கின்றனர். தரிசனம் கிடைக்காவிட்டால் முன்பணத்தை யார், எப்போது திருப்பித் தருவார் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

மாநிலச் சுற்றுலாக் கழகங்களுக்கு அளித்துவந்த தரிசன டிக்கெட் ஒதுக்கீட்டை, முறைகேட்டுப் புகார்களை அடுத்து ரத்து செய்ய 2024 நவம்பர் 18-ல் திருமலை திருப்பதி தேவஸ்தான அறங்காவலர் குழு முடிவெடுத்தது. இத்தகைய மாற்றங்களுக்கு முன்பே பணம் கட்டியவர்களின் நிலை என்ன?

நாடாளுமன்றம் நிறைவேற்றிய 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு விடை தருகிறது. குறைபாடுள்ள சேவைக்கான பணத்தை ரசீதில் குறித்த கெடுவுக்குள், கெடு குறிப்பிடப்படாவிட்டால் 30 நாள்களுக்குள் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறையாகும். அளவுக்கு மீறிய பிணைத்தொகை கேட்கும் ஒப்பந்தம் நியாயமற்ற ஒப்பந்தமாகும்.

பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில், எதிர்த்தரப்பின் ஊரிலோ, பிரச்னை எழுந்த இடத்திலோதான் வழக்குத் தொடர முடிந்தது. இப்போது வேலூரில் வசிப்பவர், திருப்பதி அல்லது சித்தூர் நிறுவனத்தின் மீது தமது மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்யலாம். செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆனால், பயணத்தைத் தாமே கைவிடுவோருக்கு ஒப்பந்தத்தில் உள்ள ரத்து நிபந்தனைகளே பெரும்பாலும் பொருந்தும். அந்த நிபந்தனைகளை எழுத்தில் தர மறுக்கும் நிறுவனத்திடம், கட்டணம் எவ்வளவு குறைவாயினும், முன்பணம் கட்டாமலிருப்பதே நலம்.