மங்கிய கார் விளக்குக்கு மறுவாழ்வு

சென்ற ஜனவரியில், டில்லிப் பனிமூட்டத்தில் முன்னே போன சைக்கிள்காரர் மிக அருகில் சென்ற பிறகே என் கண்ணுக்குத் தெரிந்தார். பல்பில் குறையில்லை; விளக்கின் மூடிதான் மஞ்சள் பூத்திருந்தது.

நாம் கண்ணாடி என்று நினைக்கும் அந்த மூடி, பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். அதன் மேலுள்ள காப்புப் பூச்சை வெயிலின் புற ஊதாக் கதிர்கள் சிதைப்பதால்தான் மங்குகிறது. பற்பசை தேய்த்தால் பளிச்சிடும், ஆனால் நிலைக்காது.

சரியான முறை இது. மூடியைக் கழுவி, சுற்றியுள்ள பெயிண்ட்டின் மேல் டேப் ஒட்டுங்கள். தண்ணீர் விட்டுக்கொண்டே 800, 1000, 2000 எண் வாட்டர் பேப்பரால் வரிசையாகத் தேயுங்கள். மூடி பால்போல வெளுக்கும், பயப்பட வேண்டாம். ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் துடைத்தால் தெளிந்துவிடும்.

இத்துடன் நிறுத்தினால் உழைப்பு வீண். பழைய பூச்சு போய்விட்டதால் முன்னைவிடச் சீக்கிரம் மங்கும். ஆகவே எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, புற ஊதாத் தடுப்புள்ள நிறமற்ற பூச்சை அடித்து, நன்கு உலரவிடுங்கள்.

மூடியின் உட்புறம் ஈரம் படிந்திருந்தால் வெளியே தேய்த்துப் பயனில்லை. விரிசல் இருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. வண்டியை நிழலில் நிறுத்துவது செலவில்லாத காப்பு.

பனிக்காலம் வருமுன் ஒரு ஞாயிறு காலையை இதற்கென ஒதுக்குங்கள். சாலையில் போகும் இன்னொருவரின் உயிரும் அந்த வெளிச்சத்தில் இருக்கிறது.