வெட்டும் கோடாலி வேறு, பிளக்கும் கோடாலி வேறு

பெங்களூரு சிவாஜிநகரில் இன்று கேஸ் அடுப்பு இல்லாத வீடு குறைவு. ஆனாலும் விறகு அந்த ஊரை விட்டுப் போய்விடவில்லை. கல்யாணம் என்றால் தெருவோரத்தில் கல் கூட்டிப் பெரிய தேக்சாவை ஏற்றுகிறார்கள். பிரியாணி விறகுத் தீயில்தான் வேகிறது. ரம்ஜான் மாதத்து மாலைகளில் அடுப்புகளின் எண்ணிக்கை இன்னும் கூடும். சில பழைய பேக்கரிகளில் ரொட்டியும் விறகு அடுப்பில்தான் வேகிறது.

இந்த விறகு எல்லாம் பிளந்தே வருவதில்லை. உருட்டுக் கட்டையாக வருவதும் உண்டு. அதை யாராவது பிளக்க வேண்டும். பெரும்பாலும் சமையல்காரரின் உதவியாள்தான் பிளக்கிறார். கையில் கிடைத்த கோடாலியை எடுத்து, ஓங்கி ஒரு போடு போடுகிறார். கோடாலி கட்டைக்குள் புகுந்து சிக்கிக் கொள்கிறது. இழுத்தாலும் வரவில்லை. இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார். காம்பு முறிகிறது. வேலை நின்றுபோகிறது.

தவறு அவருடைய கையில் இல்லை. கோடாலியில் இருக்கிறது.

மரம் வெட்டும் கோடாலி மெல்லியது. அதன் வாய் கத்திபோல் கூர்மையாக இருக்கும். மரத்தின் நாரைக் குறுக்கே அறுப்பது அதன் வேலை. விறகு பிளக்கும் கோடாலி அப்படி அல்ல. அது நாரை அறுப்பதில்லை. நாருக்கும் நாருக்கும் நடுவே புகுந்து, இரண்டு பக்கமும் தள்ளுகிறது. வாசல் கதவின் இடுக்கில் ஆப்பு அடித்தால் என்ன ஆகும்? இடுக்கு விரியும். அதே வேலைதான் இது. ஆகவே பிளக்கும் கோடாலி ஆப்புபோலத்தான் இருக்க வேண்டும். முன்னால் மெல்லியதாகவும், பின்னால் போகப் போகத் தடிப்பாகவும் இருக்க வேண்டும். பின்பக்கம் மூன்று விரல் அகலமாவது இருந்தால் நல்லது.

விறகை ஏன் பிளக்க வேண்டும்? முழுக் கட்டையை அப்படியே எரித்தால் என்ன? சிலர் அப்படியும் எரிக்கிறார்கள். புகையில் கண்ணைக் கசக்குகிறார்கள். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீராகவே இருக்கலாம். மேலே உள்ள பட்டை அந்தத் தண்ணீரை வெளியே விடாது. கட்டையைப் பிளந்து போட்டால் உள்பக்கம் காற்றையும் வெயிலையும் பார்க்கிறது. சீக்கிரம் காய்கிறது. காய்ந்த விறகு நன்றாக எரியும், புகை குறையும். ஈர விறகின் சூடு முதலில் தன் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. மிச்சம்தான் பானைக்கு. விறகு எடைக்கு விற்கப்படும் பொருள். ஈர விறகை வாங்குபவர் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார்.

கடையில் பார்க்க வேண்டியவை

சிவாஜிநகரில் பழைய இரும்புக் கடைகளும் வண்டி உதிரி பாகக் கடைகளும் நிறைய உண்டு. லாரியின் பழைய கமான் பட்டை நல்ல உருக்கு. அது பல ஊர்க் கொல்லர்களின் உலைக்குப் போகிறது. அரிவாளாகவும் கோடாலியாகவும் திரும்பி வருகிறது. அப்படி அடித்த கோடாலியைக் கேவலமாக நினைக்க வேண்டாம். பளபளக்கும் பெயின்ட் பூசிய கோடாலியைவிட அது பல நேரங்களில் மேல்.

கடையில் "கோடாலி கொடுங்க" என்று மட்டும் கேட்டால் எதையாவது எடுத்து நீட்டுவார்கள். "பாய், விறகு பொளக்கற கோடாலி காட்டுங்க. மரம் வெட்டறது வேணாம்" என்று கேட்க வேண்டும்.

கையில் வாங்கியதும் முதலில் எடையைப் பார்க்க வேண்டும். தலை மட்டும் 2 கிலோ இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும். மெலிந்த உடம்புக்காரருக்கு ஒன்றரைக் கிலோவே சரி. 3 கிலோத் தலையைத் தூக்குவது வீரம் அல்ல. பத்துக் கட்டை பிளப்பதற்குள் தோள் ஓய்ந்துவிடும். ஓய்ந்த கை குறி தவறும்.

இங்கே ஒரு கணக்கு உண்டு. கோடாலியின் எடையை இரண்டு மடங்கு ஆக்கினால், அடியின் சக்தி இரண்டு மடங்கு ஆகும். வேகத்தை இரண்டு மடங்கு ஆக்கினால், சக்தி நான்கு மடங்கு ஆகும். அதனால் வேகமாக வீச முடிகிற எடைதான் நல்ல எடை.

அந்த வேகத்தைத் தருவது காம்பு. 1863இல் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் ஒரு கல் கருவி கிடைத்தது. அதைக் கண்டெடுத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர். கற்கால மனிதர் கல்லில் செதுக்கிய கருவி அது. அந்தக் காலத்துக் கைக்கோடாலிகளுக்குக் காம்பு கிடையாது. கல்லைக் கையிலேயே பிடித்துக் கொத்தினார்கள். காம்பு வந்த பிறகுதான் கோடாலிக்கு வீச்சு வந்தது.

காம்பு ஏறக்குறைய 3 அடி நீளம் இருக்க வேண்டும். குட்டைக் காம்பு பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. குறி தவறினால் நீளக் காம்புக் கோடாலி முன்னால் தரையில் விழும். குட்டைக் காம்புக் கோடாலி வளைந்து வந்து முழங்காலுக்குக் கீழே பாயும்.

காம்பை ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்க்க வேண்டும். நேராக இருக்க வேண்டும். மரத்தின் நார் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓட வேண்டும். நடுவில் நார் வெளியே ஓடிப்போனால் காம்பு அந்த இடத்தில் முறியும். கணு இருக்கக் கூடாது. பெயின்ட் அடித்த காம்பில் கணுவும் தெரியாது, வெடிப்பும் தெரியாது. புளி, வேலம், கெட்டியான கல் மூங்கில் ஆகியவை நல்ல காம்புகள். அதிர்ச்சியைத் தாங்கும்.

தலையை ஒரு கையில் தொங்கவிட்டு, ஓர் இரும்புத் துண்டால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீர் என்று கேட்டால் சரி. உடைந்த பானைபோல் ஒலித்தால் உள்ளே வெடிப்பு இருக்கலாம். பிறகு வாயில் அரத்தை ஒரு முறை இழுத்துப் பார்க்கலாம். அரம் லேசாகப் பிடிக்க வேண்டும். வழுக்கிக் கொண்டு போனால் தோய்ச்சல் அதிகம். வாய் சிதறும். வெண்ணெய்போல் அரத்துக்கு இடம் கொடுத்தால் தோய்ச்சல் போதாது. வாய் மடங்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தலையும் காம்பும் சேரும் இடம். அங்கே துளியும் ஆடக் கூடாது. ஆடினால், வீசும்போது தலை கழன்று பறக்கும். 2 கிலோ இரும்பு எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது. சிவாஜிநகர் போன்ற நெருக்கமான தெருவில் அது காலி இடத்தில் விழாது.

ஆடும் கோடாலியை இரவில் தண்ணீரில் ஊறப் போடுவது ஒரு வழக்கம். காலையில் காம்பு உப்பி, தலை இறுகியிருக்கும். ஆனால் வெயிலில் காய்ந்ததும் காம்பு முன்பைவிடச் சுருங்கும். மதியம் தலை கழலும். இது வைத்தியம் அல்ல, ஏமாற்று. காம்பைச் சீவிச் சரியாக ஏற்றி, மேலே ஆப்பு அடிப்பதுதான் வழி. சில கொல்லர்கள் காம்பை மேலிருந்து நுழைக்கிறார்கள். அந்தக் காம்பின் மேல் முனை துளையைவிடத் தடிமனாக இருக்கும். வீச வீச அதில் தலை இறுகுமே தவிரக் கழலாது.

பிளக்கும் முறை

முதலில் தலைக்கு மேலே பார்க்க வேண்டும். சந்துகளில் மின்கம்பியும் துணிக்கொடியும் தாழ்வாகத் தொங்கும். பிறகு சுற்றிலும் பார்க்க வேண்டும். பத்தடிக்குள் யாரும் நிற்கக் கூடாது. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை முதலில் விரட்ட வேண்டும். ஹவாய்ச் செருப்புடன் நிற்கக் கூடாது. தடித்த ஷூ வேண்டும். லுங்கியோ சேலையோ காலில் சிக்காதபடி இறுக்கிக் கட்ட வேண்டும்.

கட்டையை சிமெண்ட் தரையில் வைத்துப் பிளக்கக் கூடாது. கோடாலி வாய் போய்விடும். அகலமான ஓர் அடிக்கட்டை தேவை. அது முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம். பிளக்கும் கட்டையை அடிக்கட்டையின் நடுவில் வைக்காமல், அந்தப் பக்கமாகத் தள்ளி வைக்க வேண்டும். அடி தவறினால் இந்தப் பக்கத்து அடிக்கட்டை அதை வாங்கிக் கொள்ளும். கால் தப்பும்.

அடிப்பதற்கு முன் கட்டையின் முகத்தைப் படிக்க வேண்டும். எழுத்துப் படிப்பதுபோலத்தான். காய்ந்த கட்டையின் முகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கோடுகோடாக வெடிப்பு ஓடும். எங்கே பிளக்க வேண்டும் என்று கட்டையே சொல்கிறது. அந்தக் கோட்டின் மேல் அடித்தால் பாதி வேலை முடிந்தது. கணு இருக்கும் இடத்தில் அடிக்கக் கூடாது. பெரிய கட்டையை நடுவில் அடித்துப் போராட வேண்டாம். ஓரத்திலிருந்து பலகை பலகையாக எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

மரத்துக்கு மரம் குணம் வேறு. சவுக்கு கெட்டியான மரம், ஆனால் நேர் நார் உள்ளது. தைலமரத்தை ஈரம் காய்வதற்கு முன்பே பிளந்துவிட வேண்டும். அதன் நார் முறுக்கிக்கொண்டு ஓடும். காய்ந்தால் இரும்பாகிவிடும். புளியங்கட்டையோ பின்னிய நார். வைரம் பாய்ந்த புளியோடு கோடாலியால் மல்லுக்கு நிற்பது வீண். இரும்பு ஆப்பையும் சம்மட்டியையும் எடுப்பதே புத்திசாலித்தனம். அப்போது கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். கோடாலியின் பின்பக்கத்தை இன்னொரு கோடாலியால் அடிக்கவே கூடாது. உருக்குச் சிதறல் கண்ணில் பாய்ந்தால் பார்வையே போகலாம்.

கால்களை அகட்டி நிற்க வேண்டும். ஒரு கை காம்பின் அடியில். மறு கை தலைக்கு அருகில். தூக்கி வீசும்போது மேல் கை கீழ்க் கையை நோக்கி வழுக்கி வர வேண்டும். கோடாலி இறங்கும்போது முழங்காலைச் சற்று மடக்க வேண்டும். அப்போது அடி நேராகக் கட்டையில் இறங்கும், காலை நோக்கி வளையாது. பலத்தால் அமுக்க வேண்டியதில்லை. கோடாலியின் எடை தன் வேலையைத் தானே செய்யும்.

சிக்கிக்கொண்டால் பக்கவாட்டில் ஆட்டக் கூடாது. காம்பின் நுனியை மேலும் கீழும் அசைத்து எடுக்க வேண்டும்.

பிளந்த துண்டுகள் பறப்பது ஒரு தொல்லை. இதற்கு எளிய வழி உண்டு. வண்டியின் பழைய டயரை அடிக்கட்டையின் மேல் வைத்து, அதற்குள் கட்டையை நிறுத்திப் பிளக்கலாம். துண்டுகள் டயருக்குள்ளேயே நிற்கும். குனிந்து குனிந்து பொறுக்க வேண்டியதில்லை. சிவாஜிநகரில் பழைய டயருக்கா பஞ்சம்? பின்லாந்து நாட்டில் ஹெய்க்கி கார்னா என்பவர் வேறு வழி கண்டார். தலையின் எடை ஒரு பக்கமாகச் சாய்ந்த கோடாலியை அவர் உருவாக்கினார். அது கட்டையில் பட்டதும் தானே திரும்பி, பிளவை நெம்பித் திறக்கிறது. ஆழமாகப் புகாததால் சிக்குவதும் இல்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. கிடக்கும் கட்டையைப் பிளப்பது வேறு, நிற்கும் மரத்தை வெட்டுவது வேறு. கர்நாடகத்தில் 1976ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. நகரத்தில் சொந்த வீட்டு மரத்தை வெட்டவும் பொதுவாக மர அதிகாரியின் அனுமதி வேண்டும்.

எவ்வளவு கவனித்தாலும் காயம் படலாம். ஆழமாக வெட்டினால் மஞ்சள் தூளோ காப்பித் தூளோ அப்பக் கூடாது. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தத்தை விடக் கூடாது. காலை உயர்த்தி வைக்க வேண்டும். 108க்குப் போன் செய்யலாம். சிவாஜிநகரிலேயே பௌரிங் அரசு மருத்துவமனை இருக்கிறது. காயம் சிறிதாக இருந்தாலும் டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

வேலை முடிந்ததும் கோடாலியைக் கட்டையில் குத்தி நிறுத்திவிட்டுப் போவது பலரின் பழக்கம். சின்னப் பிள்ளைகள் அதைத்தான் முதலில் பிடித்து இழுப்பார்கள். வாயைத் துடைத்து, கொஞ்சம் எண்ணெய் தடவ வேண்டும். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, வாய்க்கு உறைபோல் மாட்டலாம். பிறகு பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், வெயிலும் மழையும் படாமல் வைக்க வேண்டும்.