வெள்ளத்தில் படகு வந்தாச்சு... ஏறுவது எப்படி? தெரு ஜனங்க கவனிக்க வேண்டியது!

அம்பத்தூர்: ஐப்பசி, கார்த்திகை வந்தாலே மேற்கு புறநகர் ஜனங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். 2015-ல் பட்டது போதாதென்று 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. கொரட்டூர், அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி, பட்டாபிராம் என்று பல இடங்களில் தண்ணீர் புகுந்தது.

"படகு எங்கப்பா, இன்னும் வரலையே?" என்பதுதான் அந்த நேரத்தில் எல்லோரும் கேட்கிற கேள்வி. பல சமயம் படகு தெருமுனை வரை வந்துவிடும். அதைத் தண்ணீரில் இறக்கத்தான் இடம் கிடைக்காது.

லாரியில் வரும் படகு

2015 வெள்ளத்தில் மீனவர்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டு வந்து ஜனங்களைக் காப்பாற்றினார்கள். கடலில் ஓடும் பெரிய படகு 25 அடிக்கு மேல்கூட நீளம் இருக்கும். குறுக்குச் சந்தில் திரும்பாது. தூக்கி இறக்கவே பத்து ஆள் வேண்டும்.

அரக்கோணத்தில் முகாம் உள்ள தேசிய பேரிடர் மீட்புப் படை கொண்டு வருவது காற்றடைத்த ரப்பர் படகு. கொஞ்சம் தண்ணீரிலும் மிதக்கும். ஆனால் முள்வேலி, உடைந்த கேட், தகரம் குத்தினால் கிழிந்துவிடும். முழங்கால் அளவு தண்ணீரில் மோட்டார் விசிறி தரையில் இடிக்கும். துணி, பிளாஸ்டிக், கேபிள் ஒயர் சுற்றினால் நின்றே போகும். அதனால்தான் தெருவில் மோட்டாரைத் தூக்கிவிட்டு கயிறு கட்டி இழுக்கிறார்கள்.

எந்த இடம் சரி?

ரோடு மெதுவாகச் சரிந்து தண்ணீரில் இறங்கும் இடம்தான் நல்லது. தண்ணீர் இழுப்பு இல்லாமல் நிற்க வேண்டும். கால்வாய் ஓரம், திறந்த மேன்ஹோல், டிரான்ஸ்பார்மர் பக்கம் கூடவே கூடாது. குழி இருக்கும் இடத்தில் கொம்பு நட்டு சிவப்புத் துணி கட்டுங்கள்.

ஏரிக் கலங்கல் பக்கம் போகவே வேண்டாம். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்குப் போகிறது. அந்த வழியில் இழுப்பு அதிகம். கூவம் கரையிலும் இதே ஆபத்துதான். ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும்.

ஏறும்போதுதான் கவிழும்

நட்டநடுவில் போகும்போதைவிட ஏறும்போதும் இறங்கும்போதும்தான் படகு கவிழ வாய்ப்பு அதிகம். நாலு பேர் ஒரே பக்கம் ஏறினால் எடை சாய்ந்துவிடும்.

* படகின் மூக்கு தண்ணீர் வரும் திசையைப் பார்த்து இருக்கட்டும். இரண்டு பேர் இறுக்கிப் பிடிக்கட்டும்.
* ஒவ்வொருவராக ஏறுங்கள். குனிந்து, நடுவில் கால் வைத்து, உடனே உட்காருங்கள். நின்று செல்பி எடுக்காதீர்கள்.
* பால்கனி, சன்ஷேடில் இருந்து குதிக்காதீர்கள். குழந்தையைக் கையிலிருந்து கைக்குக் கொடுங்கள்.
* லைஃப் ஜாக்கெட் போட்டு பக்கிள் மாட்டிய பிறகுதான் படகில் கால்.
* மருந்து, ஆதார், ரேஷன் கார்டு ஒரு கவரில் போதும். பீரோ, டிவி வேண்டாம்.

வயசானவங்க, கர்ப்பிணிகளுக்குப் படகு விளிம்பு உயரம் பெரிய கஷ்டம். 2018 கேரள வெள்ளத்தில் மலப்புரம் மீனவர் ஜெய்சல் தண்ணீரில் மண்டியிட்டு, தன் முதுகையே படியாகக் கொடுத்துப் பெண்களை ஏற்றினார். நம்ம தெருவில் உயரமான வாசல்படியோ திண்ணையோ இருந்தால் படகை அதை ஒட்டி நிறுத்தலாம். கனமான ஸ்டூல் ஒன்றும் கைகொடுக்கும். அதை ஒருத்தர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இப்பவே செய்யலாம்

மழைக்கு முன்னாடியே தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். லாரி எது வரை வரும், படகு எங்கே இறங்கும், எந்த வீட்டில் படுக்கையில் நோயாளி இருக்கிறார் என்று நாலு பேராகப் பேசி எழுதி வையுங்கள். படகு வந்ததும் அந்த சீட்டை படகுக்காரர் கையில் கொடுத்தால் தேடுகிற நேரம் மிச்சம்.

உதவிக்கு: மாநில கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, அவசர உதவி 112. போன் செய்யும்போது தெருப் பெயரோடு, படகு இறக்கும் இடத்தையும் சொல்லுங்கள்.