8 மி.மீ. புள்ளிக்கு ஆறு மாதம் காத்திருப்பது ஏன்?

பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு உடல் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு. நிதியாண்டு முடியும் மார்ச் 31 நெருங்கும்போது அதைச் சொல்லியே ‘முழு உடல் பேக்கேஜ்’ விற்கிறார்கள். சிலவற்றில் நெஞ்சு சிடி ஸ்கேனும் சேர்த்தி. நமக்கு வரும் கடிதங்களின் சாரம்: நுரையீரலில் 8 மி.மீ. நாட்யூல் (சிறு புள்ளி) என்று ரிப்போர்ட், ஆறு மாதம் கழித்து வரச் சொல்கிறார் டாக்டர், அதுவரை புற்றுநோயை வளரவிடுவதா?

‘ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பிழைக்கலாம்’ என்ற விளம்பரம் பாதி உண்மை. நெடுங்காலம் புகைத்த 53,000-க்கும் மேற்பட்டோரிடம் அமெரிக்காவில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், சிடி எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்று மரணம் 20% குறைந்தது. அதே ஆய்வில், ஸ்கேன் சந்தேகப்பட்டவற்றில் 96% புற்றே அல்ல. இந்த இரண்டாவது எண்ணை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. நம் ஊரில் பழைய காசநோய்த் தழும்பும் நாட்யூலாகத் தெரியும்.

புள்ளியின் குணத்தைச் சொல்வது அதன் வளரும் வேகம். 8 மி.மீ. 10 ஆனால் ‘இரண்டுதானே’ என்று தோன்றும். 8×8×8 என்பது 512. 10×10×10 என்பது 1,000. கன அளவு ஏறக்குறைய இரட்டிப்பு! கெட்டியான புற்றுக்கட்டிகள் பெரும்பாலும் ஒரு மாதம் முதல் 400 நாளுக்குள் இப்படி இரட்டிக்கும். தழும்பு வளராது. இந்த வேறுபாடு தெரியத்தான் ஆறு மாத இடைவெளி. இரண்டு வாரத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்தால் காசுதான் போகும்.

சிக்கல் எங்கே என்றால், ஒரே படத்தை இரண்டு டாக்டர்கள் அளந்தாலே ஒன்றிரண்டு மி.மீ. வேறுபடும். அதனால்தான் 2 மி.மீ.க்குக் குறைந்த மாற்றத்தை வளர்ச்சியாகக் கொள்ளக் கூடாது என்கிறது நெஞ்சுப் படவியல் நிபுணர்களின் ஃப்ளைஷ்னர் சங்கம் 2017-இல் தந்த வழிகாட்டி. பழைய படத்தையும் புதியதையும் அருகருகே வைத்து அளக்க வேண்டும். ரிப்போர்ட் தாள் போதாது. படங்கள் பதிந்த குறுந்தட்டைக் கேட்டு வாங்குங்கள். கொரோனா காலத்தில் எடுத்த ஸ்கேன் பீரோவில் கிடக்கிறதா? அதிலும் இதே கெட்டிப் புள்ளி இதே அளவில் இருந்தால், கவலையை அநேகமாக விட்டுவிடலாம்.

கெட்டிப் புள்ளி 6 மி.மீ.க்குக் கீழே இருந்தால்? புகை, குடும்ப வரலாறு இல்லாதவருக்கு மறு ஸ்கேனே வேண்டாம்.

8-ஐத் தாண்டினால்? மூன்று மாதத்தில் ஸ்கேன், அல்லது பெட் ஸ்கேன் (சுறுசுறுப்பான திசுவை ஒளிரக் காட்டும் ஸ்கேன்), பயாப்சி (திசு எடுத்துச் சோதிப்பது).

பெட் ஸ்கேனில் ஒளிர்ந்தால் புற்றா? காசநோயும் ஒளிரும்.

ஏற்கெனவே புற்றுநோய் வந்தவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்? இந்தக் கணக்கு பொருந்தாது. டாக்டர் சொல்வதே தேதி.

இருமலே இல்லையே? இவ்வளவு சிறியதற்குப் பொதுவாக இருமல் வராது.